பரணில் ஒலிநாடா வைத்திருப்பவர்களுக்கு



உங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மாமா ஸ்பூல் மெஷின் வைத்திருந்தார், கச்சேரி தவறாமல் பதிவு செய்தார். அவர் போன பிறகு இரண்டு டிரங்குப் பெட்டிகள் உங்கள் பரணுக்கு வந்து சேர்ந்தன. அல்லது உங்கள் அப்பா சினிமா ஸ்டூடியோக்களில் வயலின் வாசித்தார். அவர் கைப்பட எழுதிய நொட்டேஷன் தாள்கள் ஏதோ ஜவுளிக்கடைப் பையில் சுருண்டு கிடக்கின்றன. வானொலிக் கச்சேரியைக் கேசட்டில் பிடித்து, அட்டையில் ராகமும் தேதியும் எழுதிவைத்தவர்கள் உங்களில் உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்கும் பிறகு டொரன்டோவுக்கும் போன யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் உண்டு. உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அதற்கு முன் ஒருவருடைய கதையை நீங்கள் முழுதாகக் கேட்டாக வேண்டும். அவர் தமிழரில்லை, நம் இசையோடு தொடர்புள்ளவரும் இல்லை. நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பரிசோதனைக்காரர்களோடு சேர்ந்து இயங்கிய இசையமைப்பாளர். பாடகர், பியானோக் கலைஞர். பெயர் ஜூலியஸ் ஈஸ்ட்மன். (பழைய சினிமா போஸ்டர்களில் பார்த்த ஈஸ்ட்மன் கலருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) இவருடைய இசையில் ஒரு பங்கு இன்று உலக மேடைகளில் ஒலிக்கிறது என்றால், உங்களைப் போன்ற சிலர் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் காரணம். மிச்சப் பங்கு என்னவாயிற்று என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

1940 அக்டோபர் 27 அன்று பிறந்தவர் ஈஸ்ட்மன். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள இதாகா என்ற ஊரில். சிறுவனாகத் தேவாலயத்தில் பாடினார். பியானோ கற்கத் தொடங்கியபோது வயது பதினான்கு. அந்தத் துறையில் அது தாமதமான வயது. இருந்தும் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்குப் பியானோ சொல்லித் தந்தவர் மெசிஸ்லாவ் ஹோர்ஷோவ்ஸ்கி, தொண்ணூற்றொன்பது வயதிலும் மேடையேறி வாசித்த போலந்துக்காரர். பியானோவிலிருந்து இசையமைப்புக்கு மாறி 1963இல் பட்டம் பெற்ற ஈஸ்ட்மன், 1966இல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் அரங்கேறினார். இதுவரை கேட்டால் ஒழுங்காக முன்னேறிய ஒரு மாணவரின் கதை போலத்தான் இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் அவர் பஃபலோ போனார். அங்கிருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் லூக்காஸ் ஃபாஸ் என்ற இசையமைப்பாளர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு மையம் நடத்திவந்தார். இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, புது இசையை எழுதவும் வாசிக்கவும் விடுவதுதான் அதன் வேலை. கடுங்குளிர் ஊர், தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர். அமெரிக்காவின் விசித்திரமான இசையெல்லாம் சில ஆண்டுகள் அங்கேதான் பிறந்தது. இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் அங்கே இருந்தார். ஈஸ்ட்மன் எழுதினார், பாடினார், பியானோ வாசித்தார், நடனமும் ஆடினார், பாடமும் நடத்தினார்.

முதலில் பெயர் வாங்கித் தந்தது அவர் குரல்தான். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் 1969இல் ‘பித்தேறிய அரசனுக்கு எட்டுப் பாட்டுகள்’ என்று ஒரு படைப்பு எழுதினார். மனநிலை பிறழ்ந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், பறவைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுக்க முயல்கிறார். வாத்தியக்காரர்கள் கூண்டுகளுக்குள் உட்கார்ந்து பறவைகளாக வாசிக்க, பாடகர் உறுமலிலிருந்து கீச்சுக்குரல் வரை நான்கு ஸ்தாயிகளையும் தாண்டி அலைய வேண்டும். நடுவில் கூண்டிலிருந்து ஒரு வயலினைப் பறித்து உடைக்கவும் வேண்டும். (வயலின் கலைஞர் குடும்பத்தினர் மன்னிக்கவும்.) டேவிஸ் நடத்திய குழுவுடன் ஈஸ்ட்மன் பாடிய பதிவை நான்சச் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது; அது கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்தவர் இசையைப் பாடியது தட்டாயிற்று. சொந்த இசைக்கு அவர் உயிரோடிருந்தவரை அந்த வாய்ப்பு வரவில்லை.

அந்தச் சொந்த இசை எப்படிப்பட்டது? சிறு சிறு சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலித்து, நகர்வது தெரியாமல் நகரும் ஓர் இசைமுறை அப்போது அமெரிக்காவில் எழுந்துகொண்டிருந்தது. டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ் ஆகியோர் அதன் பெரிய பெயர்கள். ஈஸ்ட்மனும் அதே வழியில் புறப்பட்டவர்தான், ஆனால் நடை வேறு. 1973இல் எழுதிய ‘ஸ்டே ஆன் இட்’ ஒரு பாப் பாட்டின் துள்ளலோடு தொடங்கும். கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும். கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்தியம் விலகும், இன்னொன்று எதிர்த்துப் பேசும், எல்லாம் சேர்ந்து சத்தக் காடாகும், திரும்பவும் அந்தத் துள்ளல் எங்கிருந்தோ தலைகாட்டும். சாஸ்திரிய இசையின் மிடுக்கான அவையில் தெருவின் தாளத்தை இவ்வளவு கூச்சமில்லாமல் கொண்டுவந்தவர்கள் அன்றைக்குக் குறைவு.

அடுத்த ஆண்டு ‘ஃபெமினின்’. ஓர் இயந்திரத்தில் பொருத்திய சலங்கைகள் தொடக்கம் முதல் முடிவு வரை குலுங்கிக்கொண்டேயிருக்கும். அதன் மேல் வைப்ரஃபோன் இரண்டே ஸ்வரங்களில் ஒரு சிறு கட்டை வாசிக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கட்டு விடாது. மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி வளர்ந்து, பொங்கி, வடியும். இத்தனைக்கும் எழுத்தில் இருப்பது சில பக்கங்கள் மட்டும். ஓரத்தில் நிமிடமும் விநாடியும் குறித்திருக்கும். இந்த நேரத்தில் இதற்கு மாறு என்று பொருள். இடையில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஈஸ்ட்மன் ஒத்திகையில் வாயால் சொன்னார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் கேட்கப்போகும் உதவிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

1975 ஜூனில் பஃபலோவில் ஒரு விழா. பரிசோதனை இசையின் பெரியவர் ஜான் கேஜ் முன்னிலையில் அவருடைய ‘சாங் புக்ஸ்’ நிகழ்த்தப்பட்டது. கட்டுப்பாட்டோடு ஒரு செயலைச் செய்து காட்டு என்கிற அளவில்தான் அதில் ஒரு பகுதியின் கட்டளை இருக்கும். ஈஸ்ட்மன் காதலைப் பற்றிச் சொற்பொழிவு நடத்துவதாகச் சொல்லி, மேடையிலேயே ஓர் இளைஞனின் உடைகளைக் களைந்தார். தன்பால் விருப்பத்தை ஈஸ்ட்மன் ஒருபோதும் ஒளித்ததில்லை. கேஜும் தன்பால் விருப்பம் கொண்டவர், அதைப் பொதுவெளியில் பேசாதவர். மறுநாள் கேஜ் கோபத்தில் பியானோவைக் குத்தியபடி பேசினார்: தன் இசையில் சுதந்திரம் உண்டு, அது மனம்போன போக்குக்குக் கொடுத்த உரிமையல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். யார் பக்கம் நியாயம் என்று அமெரிக்க இசை வட்டாரம் இன்றும் வாதாடுகிறது. குறும்பு செய்தவர் ஈஸ்ட்மன்தான். ஆனால் எதையும் அனுமதிப்பதாகச் சொன்ன ஓர் இசைக்கு எல்லை எங்கே என்பதை அன்று எல்லோர் முன்னிலையிலும் காட்டியதும் அவர்தான். அந்த ஆண்டே பல்கலைக்கழக வேலை முடிந்தது. 1976இல் நியூயார்க் நகருக்குக் குடிபோனார்.

நியூயார்க்கில் அவர் போகாத இசை வீடு இல்லை. இசையமைப்பாளர் மெரிடித் மாங்கின் ‘டால்மென் மியூசிக்’ தட்டில் பாடினார். ஆர்தர் ரஸ்ஸலுடைய வாத்தியக் குழுவை நடத்தினார், அதே ரஸ்ஸலின் டிஸ்கோத் தட்டுகளிலும் வாசித்தார். புரூக்லின் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்த பழைய ஆதரவாளர் ஃபாஸோடு சேர்ந்து, கறுப்பின இசையமைப்பாளர்களின் படைப்புகளைக் குடியிருப்புப் பகுதிகளுக்குக் கொண்டுபோகும் கச்சேரிகளில் பங்கெடுத்தார். 1980 ஜனவரியில் இலினாய்ஸ் மாநிலத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நான்கு பியானோக்களுக்கான மூன்று படைப்புகளை அரங்கேற்றினார். இரண்டின் தலைப்பில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை அவரே வைத்திருந்தார். மூன்றாவது ‘கே கெரில்லா’. கறுப்பின மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் நிகழ்ச்சிநிரலில் தலைப்புகள் அச்சாகவில்லை. ஈஸ்ட்மன் மேடையேறி நிதானமாக விளக்கினார்: அமெரிக்காவின் செல்வம் எந்த மனிதர்களின் வயல் உழைப்பின் மேல் கட்டப்பட்டதோ அந்த அடித்தளத்தின் பெயரையே தான் வைத்திருப்பதாகச் சொன்னார். தன் இசையை உயிர்ப்பொருள் போன்றது என்றும் வர்ணித்தார். ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதிகளில் சொன்னதையெல்லாம் தன்னுள் வைத்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போகும்.

அந்தப் பேச்சு நமக்கு எப்படித் தெரியும்? யாரோ டேப்பை ஓடவிட்டிருந்தார். கச்சேரி தொடங்கட்டும், பேச்சை எதற்குப் பதிவு செய்வது என்று அவர் நினைத்திருந்தால், இசையமைப்பாளர் தன் வாயால் தன் முறையைச் சொன்ன விளக்கம் நமக்கு இல்லாமலே போயிருக்கும்.

‘கே கெரில்லா’வைக் கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரே ஸ்வரம் சீரான தட்டலாக மென்மையாகத் தொடங்கும். நான்கு பியானோக்களும் அடுக்கடுக்காக ஏறும். வெகுநேரம் கழித்து, அந்த அடர்த்தியின் நடுவிலிருந்து மார்ட்டின் லூதர் எழுதிய, கடவுளைக் கோட்டையாகப் பாடும் பழைய தேவாலயப் பாடலின் மெட்டு மேலெழும். கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்த தமிழர்களுக்கு அந்த மெட்டு உடனே பிடிபடும். விரட்டப்பட்ட ஒரு சமூகத்தின் போராட்டத்துக்குச் சபையின் கோட்டைப் பாட்டையே எடுத்து ஆயுதமாக்கிய துணிச்சல் அது.

1981இல் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் புனித சன்னிதி’. பத்து செல்லோக்கள். முதல் விநாடியிலிருந்து ராக் இசையின் முரட்டு வேகம். இந்தப் படைப்பு கீழே திரும்பவும் வரும்.

அதன் பிறகு சரிவு. நிலையான வேலை எதுவும் அமையவில்லை. குடியும் போதையும் சேர்ந்தன. வாய்ப்புத் தந்தவர்களோடு அவர் பிணங்கிக்கொண்டதும் உண்டு. குற்றத்தையெல்லாம் ஊர் மேல் போட்டுவிட முடியாது. ஆனால் கறுப்பினத்தவராக, தன்பால் விருப்பத்தை மறைக்காதவராக, சாஸ்திரிய இசையின் விளிம்பில் நின்றவராக அவருக்குத் திறந்த கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஊர் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் வாடகை பாக்கிக்காக அவரை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். நகர அதிகாரிகள் சாமான்களை எடுத்துப் போனார்கள். கட்டில், பாத்திரம் போன்றவற்றோடு கையெழுத்து இசைத்தாள்களும் ஒலிநாடாக்களும் போயின. இருபது வருட உழைப்பு. அதைத் திரும்பப் பெற அவர் பெரிதாக முயலவில்லை என்கிறார்கள். சிலகாலம் மன்ஹாட்டனின் டாம்கின்ஸ் சதுக்கப் பூங்காவிலேயே படுத்துக் கிடந்தார்.

1990 மே 28 அன்று பஃபலோவில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. நியூயார்க்கின் இசை உலகத்துக்குச் செய்தி தெரிய எட்டு மாதம் ஆயிற்று. 1991 ஜனவரியில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விமர்சகர் கைல் கேன் எழுதிய இரங்கல் கட்டுரையைப் படித்துத்தான் நண்பர்கள் பலரே தெரிந்துகொண்டார்கள்.

இங்கே கதை முடிந்திருக்கலாம். பல கலைஞர்களின் கதை இங்கேதான் முடிகிறது. அவர்கள் பெயர்களை இந்த மடலில் எழுத முடியாததே அதற்குச் சாட்சி.

1998இல் மேரி ஜேன் லீச் என்ற இசையமைப்பாளர் ஒரு வகுப்புக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். ஒரே வாத்தியம் பலவற்றைச் சேர்த்து எழுதிய படைப்புகள்தான் பாடம். ஈஸ்ட்மனின் பத்து செல்லோப் படைப்பு நினைவுக்கு வர, அதன் இசைத்தாளைத் தேடினார். கிடைக்கவில்லை. பதிப்பகத்தில் இல்லை, நூலகத்தில் இல்லை, வாசித்தவர்களிடம் இல்லை. லீச் காப்பகக்காரரோ ஆய்வாளரோ அல்ல. அவருக்கு இதற்காக யாரும் சம்பளம் தரவில்லை. ஒருவரைக் கேட்டார், அவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் வேறொருவரை. இப்படியே ஏழு ஆண்டுகள். ஒருவரிடம் கேசட், இன்னொருவரிடம் சில பக்கங்களின் நகல். பஃபலோ பல்கலைக்கழக இசை நூலகம் தன் அரங்கில் நடந்த கச்சேரிகளின் ஒலிநாடாக்களை ஒழுங்காகப் பாதுகாத்திருந்தது. 2005இல் நியூ வேர்ல்டு ரெக்கார்ட்ஸ் மூன்று குறுந்தட்டுகள் வெளியிட்டது. பெயர் ‘அன்ஜஸ்ட் மலைஸ்’, ஜூலியஸ் ஈஸ்ட்மன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. ஈஸ்ட்மனின் சொந்த இசைக்கு முதல் தனித் தொகுப்பு அதுதான், அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து.

பிறகு வேகம் பிடித்தது. 2015இல் லீச்சும் ரெனே லெவின் பாக்கரும் தொகுத்த கட்டுரை நூல் வந்தது. 1974 நவம்பரில் எஸ்.இ.எம். என்ற வாத்தியக் குழுவோடு ஈஸ்ட்மன் வாசித்த ‘ஃபெமினின்’ ஒலிநாடாவை 2016இல் ஃபின்லாந்தின் சிறு நிறுவனம் ஒன்று வெளியிட்டது. நாற்பத்திரண்டு வருடம் ஒரு பெட்டிக்குள் இருந்த ஒலி அது. 2018இல் ஷிர்மர் என்ற பெரிய பதிப்பகம் அவர் படைப்புகளை ஏற்றது. லாஸ் ஏஞ்சலிஸின் வைல்டு அப் குழு 2021 முதல் தொகுதி தொகுதியாகப் பதிவு செய்து வருகிறது. பூங்காவில் படுத்துக் கிடந்தவரின் இசைக்கு இன்று அரங்குகள் நிறைகின்றன.

இனி உங்களிடம் வருவோம்.

அந்த ‘ஃபெமினின்’ ஒலிநாடாவை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். தாள் மட்டும் கிடைத்து நாடா தொலைந்திருந்தால், சில பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேர இசையை யாராலும் சரியாக எழுப்பியிருக்க முடியாது. ஒத்திகையில் ஈஸ்ட்மன் வாயால் சொன்னது நாடாவில்தான் தங்கியது. பத்து செல்லோப் படைப்பில் நடந்தது நேர்மாறு. நாடா கிடைத்தது, தாள் கிடைக்கவில்லை. கிளாரிஸ் ஜென்சன் என்ற செல்லோக் கலைஞர் பழைய பதிவைக் கேட்டுக் கேட்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த பத்துக் குரல்களைப் பிரித்து, முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. காதில் விழாத ஸ்வரத்தை ஊகிக்கத்தான் முடியும். ‘ஃபெமினின்’னுக்கு இரட்டையாக எழுதிய ‘மாஸ்குலின்’ என்ற படைப்புக்கோ தாளுமில்லை, நாடாவுமில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

நம் இசை இதில் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஸரிகம இருக்கும், கமகம் இருக்காது. வித்வான் எந்தக் காலப்பிரமாணத்தில் எடுத்தார், சங்கதி எங்கே திரும்பியது என்பதெல்லாம் டேப்பில் இருக்கும். தவில்காரர் சொல்லிக்கொடுத்த ஒரு கோர்வை தாளிலேயே ஏறியிராது. சினிமா ரெக்கார்டிங்கில் நிலைமை தலைகீழ்: பாட்டு எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் பின்னணியில் வயலின்கள் என்ன வாசித்தன என்பது அன்று உங்கள் அப்பா முன் விரித்திருந்த அந்தத் தாளில்தான் தெளிவாக இருக்கிறது. ஆகவே பெட்டியையும் பையையும் பிரித்துவிடாதீர்கள். தம்பிக்கு டேப், அக்காவுக்கு நோட்டு என்று பாகம் போடாதீர்கள்.

உங்கள் மேல் சில மனத்தாங்கல்கள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

‘இதெல்லாம் இனி யாருக்கு வேணும்?’ என்கிறீர்கள். வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, பெரியவர் காலமாகிப் பதினாறாம் நாள் முடிந்ததும் இந்தக் கேள்வி வருகிறது. பழைய பேப்பர்க்காரர் வாசலில் நிற்கிறார். யாருக்கு வேண்டும் என்பது இன்று தெரிய வேண்டியதில்லை. 1981இல் ஜோன் ஆஃப் ஆர்க் படைப்பைப் பதிவு செய்தவருக்குப் பதினேழு வருடம் கழித்து ஒருவர் அதைத் தேடி ஊரெல்லாம் கேட்டு அலைவார் என்று தெரியாது.

இன்னொரு சாரார் இதற்கு எதிர்த்துருவம். பெட்டியின் மதிப்பு உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கச்சேரி உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதைப் பத்துப் பேர் நடுவில் சொல்வீர்கள், நண்பர்களை வரவழைத்து ஒரு ஆலாபனையைப் போட்டுக் காட்டுவீர்கள், நகல் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவீர்கள். சேகரிக்க நீங்கள் பட்ட பாடு உண்மை. ஆனால் ஒரே ஒரு பிரதி என்பது பெருமைக்குரிய நிலை அல்ல, ஆபத்தான நிலை. ஈஸ்ட்மனின் தாள்கள் பலவும் ஒரே பிரதிகள்தான். 2015 டிசம்பரில் சென்னையில் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எந்தப் பெட்டியில் எது இருக்கிறதென்று அது பார்க்கவில்லை.

மூன்றாவதாக, நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பஃபலோ நூலகம் தன் கடமையைச் செய்தது, சரி. ஆனால் அது தன் அரங்கில் நடந்ததைத்தான் வைத்திருந்தது. கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்த நாதஸ்வரத்தையும், கிராமத்துக் கூத்தின் பாட்டையும், ஒரு வித்வான் வீட்டுத் திண்ணையில் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் எந்த அரங்கும் பதிவு செய்யவில்லை. அவை எங்காவது இருந்தால் உங்களிடம்தான் இருக்கும்.

காலமும் உங்கள் பக்கம் இல்லை. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையால் ஒட்டிய காந்தத் துகள். நம் கடலோர ஈரக்காற்றை அந்தப் பசை உறிஞ்சிக்கொள்ளும். பிசுபிசுத்து, ஓடவிட்டால் துகள் உரிந்து மெஷினின் தலையில் படியும். உரிந்தது உரிந்ததுதான். இன்னும் பழைய அசிடேட் நாடா கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். வெள்ளை நூல் போல் பூஞ்சை படர்வதும் உண்டு. நாடா தப்பினாலும் அதை ஓட்டும் மெஷின் வேண்டும், மெஷினைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், உதிரி பாகம் வேண்டும். மெஷின்கள் அருகிக்கொண்டு வருவதைக் கணக்கிட்டு, காந்த நாடாக்களுக்கு 2025 வாக்கில்தான் கடைசிக் கெடு என்று யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகச் சங்கமும் எச்சரித்தன. அந்தக் கெடு வந்துவிட்டது.

ஆகவே கேட்கும் உதவி இதுதான். இந்த மார்கழிக்கு முன் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஆசையில் உடனே மெஷினில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது. முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் யார் பாடியது, பக்கவாத்தியம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பதிவு செய்தது யார். நிச்சயமாகத் தெரியாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தை உண்மை போல் எழுதாதீர்கள். வீட்டில் எண்பதைக் கடந்தவர் இருந்தால் அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் பாதி விவரம் அட்டையில் இருக்காது, அவர் நினைவில்தான் இருக்கும். நொட்டேஷன் தாள்களைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். இருக்கிற நிலையிலேயே பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

நாடாவை டிஜிட்டலாக மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எம்பி3 போதாது, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்காத கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். இரைச்சலை நீக்கிப் ‘பளிச்’சென்று ஆக்கித் தருகிறேன் என்று சொன்னால், அது தனிப் பிரதியாக இருக்கட்டும், தொடாத மூலப் பிரதி கட்டாயம் உங்கள் கைக்கு வர வேண்டும். மாற்றி முடித்த பிறகும் அசல் நாடாவைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிறகு ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். இதுதான் இந்த மடலின் மையமான கோரிக்கை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்துவைத்தவைதான் அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் அறக்கட்டளை இருக்கிறது. இசையியலுக்கென்றே 1982இல் தொடங்கிய ஓர் ஒலிக் காப்பகம் குருகிராமில் இயங்கிவருகிறது. இவற்றில் ஒன்றுக்குக் கொடுங்கள். எந்த நிறுவனத்தின் மீதும் நம்பிக்கை வரவில்லையென்றால், வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினரிடமாவது ஒரு வன்தட்டைக் கொடுத்துவையுங்கள். பாடியவரின் குடும்பத்தாரைக் கேட்டு, அவர்களுக்கு முதல் பிரதியைக் கொடுத்து, வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவர்களோடு பேசி முடிவெடுங்கள். பொதுவில் வெளியிடச் சம்மதம் இல்லையென்றாலும் பாதுகாக்கத் தடையேதும் இல்லை.

கடைசியாக ஒன்று. யாராவது ஓர் இளம் மாணவி, ஒரு ஆராய்ச்சியாளர், ஒரு மிருதங்கக்காரரின் பேரன் உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, 1968இல் நடந்த ஒரு கச்சேரியைப் பற்றிக் கேட்கக்கூடும். எங்கே வைத்தேனோ தெரியாது என்று வைத்துவிடாதீர்கள். எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். உங்களிடம் இல்லையென்றால், இருக்கக்கூடியவரின் பெயரைச் சொல்லுங்கள். லீச்சுக்கு அந்த ஏழு ஆண்டுகளும் அப்படி ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித்தான் ஓடின.